வாய் தைத்த பை

காணாமல் போன இயந்திரத் துப்பாக்கி கிடைத்தால் க்சாவியேவுக்கு ஜெயில். கிடைக்காவிட்டாலும் ஜெயில். மாலை ஐந்து மணிக்குள் இதற்கு மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி அவர் மனைவி மதாம் ழனெத் கேட்டுக்கொண்டார். அதனால்தான் துப்பறியும் பலராமன் அன்று காலை போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தில் அவருடைய உதவியாளர் அஞ்சலாட்சி. நாற்பது வயது. பிரெஞ்சுக் கோர்ட்டு வாசலில் பன்னிரண்டு வருஷம் வடை விற்றவள். பொய்ச் சாட்சி சொல்லப் போகிறவன் வடையை மெல்லாமல் விழுங்குவான் என்பது அவள் கண்டுபிடிப்பு. அதே கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த பலராமன், சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியதும் முதல் வேலையாக அவளைக் கூடச் சேர்த்துக்கொண்டார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் நாராயணசாமி விழுப்புரம் பக்கத்து ஆள். புதுச்சேரி அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு காகிதத்தை இரண்டு விரலால், சூடான தோசையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"கேளுங்க சார். 'செவ்வாய்க்கிழமை என் வீட்டு இரும்புப் பெட்டியிலிருந்து களவு போனவை. ஒன்று, பாராசூட். இரண்டு, கம்மாந்தோக் கத்தி, இருபுறமும் கூர். மூன்று, மாத் நாற்பத்தொன்பது இயந்திரத் துப்பாக்கி.' கீழே கையெழுத்து, ஓய்வு பெற்ற சார்ஜன் க்சாவியே. லைசென்ஸ் இல்லாத இயந்திரத் துப்பாக்கி வீட்ல வச்சிருந்தேன்னு தானா எழுதி, தேதி போட்டுக் குடுத்திருக்காரு. நான் கேக்கவே இல்ல சார்!"

"கேட்டிருந்தா கைவிலங்கும் அவரே வாங்கியாந்திருப்பாரு" என்றாள் அஞ்சலாட்சி.

"அஞ்சு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தணும். அவரு உள்ள போட்டுட்டா, வெளிய எடுக்க என்னால முடியாது."

"புகார் குடுக்க வந்தப்ப கூட யாரு இருந்தாங்க?" என்று கேட்டார் பலராமன்.

"பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த நாலு பழைய சொல்தாங்க. முசியே ஜூல்னு ஒருத்தர்தான் தலைவர் மாதிரி. பெட்டி உடைஞ்ச சேதி கேட்டு, கூட்டமா வந்துட்டாங்க."

பலராமன் திரும்பிப் பார்த்தார். மூலையில் க்சாவியே ராணுவ நிமிர்வோடு உட்கார்ந்திருந்தார். முறுக்கிய மீசை. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படைக்காக எதிரி மண்ணில் குதித்துச் சண்டை போட்ட பாராசூட் கம்மாந்தோவாக இருந்தவர் என்று ஊருக்கே தெரியும், ஏனென்றால் அவரே மூன்று வருஷமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பொழுது போகாமல் இன்ஸ்பெக்டரின் நேற்றைய செய்தித்தாளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் பிசகாமல், விசிறி போல, விரல் அகல மடிப்புகள்.

பலராமன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "அந்தத் துப்பாக்கி எப்படி இருக்கும், முசியே?"

க்சாவியேவின் முகம் மலர்ந்தது. "குதிக்கிறவனுக்குன்னே பாத்துச் செஞ்ச மாதிரி! விமானத்துலேருந்து குதிக்கும்போது நெஞ்சோட ஒட்டிக் கிடக்கணும் பாருங்க, அதனால மடங்கும். தோட்டா போடற கூட்டை முன்னால மடக்கினா குழலுக்கு அடியில போய் ஒட்டிக்கும். பின்னால இருக்கிற கம்பியை உள்ள தள்ளிட்டா மொத்தமே ஒரு முழம். அதை வாருக்கு அடியில இப்படிச் சொருகி, மேல ஒரு சுத்து, கீழ ஒரு சுத்து... கயித்துல சிக்கவே சிக்காது."

"சரி. எப்படிச் சுடும்?"

"நல்லாச் சுடும்" என்றார் க்சாவியே. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய கான்வாஸ் பையை எடுத்துப் போட்டார். மேஜை அதிர்ந்தது. உள்ளங்கை அளவு பை, பிள்ளைத்தாச்சி போலக் கனம். "காலிப் பெட்டியில இது ஒண்ணுதான் மிச்சம். குலுக்கிப் பாருங்க. உள்ள பூரா ஈயக் குண்டு. தோட்டா!"

க்சாவியே அந்தப் பையைப் பார்த்தார். சட்டென்று கூரையைப் பார்த்தார்.

பலராமன் பையை நான்கு பக்கமும் திருப்பினார். "இன்ஸ்பெக்டர், உங்க தோட்டாவை எதுல வச்சிருக்கீங்க?"

"பெல்ட்டுப் பையில."

"அதுக்கு வாய் இருக்கா?"

"இல்லாம எப்படி? பொத்தான் வச்ச வாய்."

"இதுக்கு இல்லையே. நாலு பக்கமும் அழுத்தமாத் தைச்சிருக்கு."

அஞ்சலாட்சி பையை வாங்கிப் பார்த்தாள். "அட ஆமாம். எதிரி வந்தா, 'ஒரு நிமிசம் இருங்க, கத்தரிக்கோல் தேடிக்கிட்டு வரேன்'னு சொல்லணும் போல."

*

க்சாவியேவின் வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. இரும்புப் பெட்டி கட்டிலடியில் திறந்து கிடந்தது. பூட்டில் கீறல்கூட இல்லை.

"சாவி எங்க இருக்கும், மதாம்?"

"மாதா படத்துக்குப் பின்னால" என்றார் ழனெத். மெலிந்த பெண்மணி. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

பலராமன் அலமாரியைத் திறந்தார். துண்டு, வேட்டி, மேஜை விரிப்பு, ழனெத்தின் புடவைகள், எல்லாமே ஒரே அளவில், விரல் அகல மடிப்பில், பரேடுக்கு நிற்பதுபோல் நின்றன. "யாரு மடிக்கிறது?"

"அவருதான். என்னைத் தொடவே விட மாட்டாரு. நான் மடிச்சதைப் பிரிச்சி மறுபடி மடிப்பாரு."

பலராமன் அலமாரியை மரியாதையோடு மூடினார். அப்போது சமையலறையிலிருந்து அஞ்சலாட்சியின் குரல் கேட்டது. தண்ணீர் குடிக்கப் போனவள்.

"முசியே! திருட்டுப் போன சாமான் நம்பர் ரெண்டு, இங்க புடலங்கா நறுக்கிட்டு இருக்கு!"

ஓடிப் போய்ப் பார்த்தார். ஒரு பலகையில் துளை போட்டு, கம்மாந்தோக் கத்தியின் கைப்பிடியை அதில் செருகி, ஆப்பு வைத்து இறுக்கியிருந்தது. எதிரியின் விலா எலும்பை நினைத்துச் செய்யப்பட்ட அந்த ஆயுதம் அரிவாள்மணையாகி, பாதிப் புடலங்காயோடு பரம சாதுவாக நின்றிருந்தது.

ழனெத் தலைகுனிந்தார். "அரிவாள்மணை உடைஞ்சி போச்சி. அவரு வாங்கித் தரேன் தரேன்னு ரெண்டு மாசமா சொன்னாரு. இது பெட்டியில சும்மாதான கெடந்துது."

"வசதியா இருக்கா?" என்றாள் அஞ்சலாட்சி.

"எங்க? ரெண்டு பக்கமும் கூர். எந்தப் பக்கம் போனாலும் வெட்டுது. அவரை மாதிரியே."

பலராமன் தரையில் உட்கார்ந்துகொண்டார். கேள்வி கேட்பவர் கீழே உட்கார்ந்தால் பதில் சொல்பவருக்குப் பயம் பாதி குறையும் என்பது அவர் அனுபவம். "பெட்டியை நீங்கதான் திறந்தீங்க. பாராசூட்டை யாருக்குக் குடுத்தீங்க, மதாம்?"

ழனெத் பாதிப் புடலங்காயை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கொண்டு வருகிற வீராயி. போன வாரப் புயல் காற்றில் அவள் புருஷனின் கட்டுமரத்துக் கயிறு இற்றுப்போய், நடுக்கடலில் மரங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. ஒற்றை மரத்தைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க மிதந்து கரை சேர்ந்தான். நல்ல கயிறு வாங்க வழியில்லை. மறுபடி அதே இற்ற கயிற்றோடு கடலுக்குப் போகப் பார்த்தான்.

"அவ மீன் கூடையை எறக்கி வச்சிட்டு அழுதா. பெட்டியில கயிறு கயிறாத் தொங்குற குடை. மூணு வருசமா யாரைத் தாங்குச்சி? எடுத்துக்கிட்டுப் போடின்னு குடுத்தேன். கூட இருந்த ஈயப் பைங்களையும் வலைக்கு ஆவும்னு கேட்டா, குடுத்தேன். பூசைக்குப் போயிட்டு வரதுக்குள்ள, இவரு பெட்டியைத் திறந்து பாத்துட்டு, கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு போலீசுக்குப் போயிட்டாரு."

"துப்பாக்கி?"

"சத்தியமா பெட்டியில துப்பாக்கி இல்ல, முசியே. கெணத்துல கிணத்துல போட்டுட்டாரு போலன்னு நெனச்சி மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தினேன்."

"இதை ஏன் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா, துப்பாக்கியும் வீராயிகிட்டதான்னு அவ குடிசையை இல்ல தோண்டுவாங்க? நான் குடுத்த கயிறு அவ கழுத்துக்கே சுருக்கா ஆயிடும்."

தன் புருஷன் ஜெயிலுக்குப் போகும்போதுகூட மீன்காரியின் கழுத்தை நினைத்த அந்தப் பெண்மணியைப் பலராமன் ஒரு நிமிஷம் பார்த்தார். உலகம் இன்னும் கடலுக்குள் போகாமல் இருப்பது இப்படிப்பட்டவர்கள் அங்கங்கே சமையலறையில் இருப்பதால்தான்.

*

ஜட்கா வண்டி முத்தியால்பேட்டையைத் தாண்டும்போது மணி இரண்டு.

"குதிரை நம்மைப் பாத்துப் பரிதாபப்படுது முசியே" என்றாள் அஞ்சலாட்சி. "கயிறு இருக்கும், துணி இருக்கும். துப்பாக்கி இருக்காது. அப்புறம் எதுக்குப் போறோம்?"

"இல்லாத ஒண்ணை இல்லைன்னு நிரூபிக்கணும். அதுக்கு இருக்கிற ஒண்ணு வேணும்."

"இதுக்குப் பேசாம வடையே வித்துக்கிட்டு இருந்திருக்கலாம்."

பிள்ளைச்சாவடிக் கரையில் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. தென்னை ஓலைக் குடிசைகளுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய துணி மணலில் கிடந்தது. அதன்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அருகே வீராயியின் புருஷன் அம்மாவாசை கட்டுமரத்தில் ஒரு காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"உறுதியா இருக்கா கயிறு?" என்றார் பலராமன்.

"உறுதிக்குக் கொறை இல்ல சாமி. ஆனா வழுக்குது. எங்க அப்பன் போட்ட முடிச்சி இதுல நிக்கல. மூணு முடிச்சி போட வேண்டியதாப் போச்சி."

"அப்ப தாலி கட்டியாச்சுன்னு சொல்லு" என்றாள் அஞ்சலாட்சி.

பக்கத்தில் காய்ந்த வலையின் அடிவிளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன கான்வாஸ் பைகள் தொங்கின. எல்லாமே வாய் தைத்தவை.

பலராமன் விஷயத்தைச் சொன்னதும் வீராயி குடிசையிலிருந்து வெளியே வந்தாள். கேட்டு முடிப்பதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இன்னாத்துக்கு அந்தம்மா பழி சொமக்கணும்? நானே வந்து சொல்றேன். நடங்க." கரையெல்லாம் கேட்கும்படி சொல்லிக்கொண்டே துணிமேல் கிடந்த கருவாட்டைத் தட்டிவிட்டாள்.

அஞ்சலாட்சி துணியை மடிக்கக் குனிந்தாள்.

"மடிக்காதே" என்றார் பலராமன்.

"பின்ன?"

"சுருட்டு. எவ்வளவு கேவலமா முடியுமோ அவ்வளவு கேவலமா."

அஞ்சலாட்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மணல், செதில், நாலைந்து நெத்திலி எல்லாவற்றோடும் சேர்த்துத் துணியைக் கசக்கி, காலால் மிதித்து, ஒரு மூட்டையாக்கினாள். இவ்வளவு மனசு வைத்து அவள் செய்த வேலை அந்த மாதத்தில் வேறு இல்லை.

*

அவர்கள் திரும்பி வந்தபோது மணி நாலரை. போலீஸ் வண்டி வாசலில் நின்றது. ழனெத் சாப்பாட்டுத் தூக்கோடு படியில் நின்றிருந்தார். உள்ளே முசியே ஜூலும் மற்ற மூன்று சொல்தாக்களும் நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு, சக வீரனை வழியனுப்ப வந்திருந்தார்கள். ஜூல் உயரமான ஆள். உண்மையாகவே குதித்தவர். இடது காலை லேசாக இழுத்து நடப்பார்.

"தைரியமா போ, க்சாவியே" என்றார் ஜூல். "ஆயுதம் வச்சிருந்து உள்ள போறது வீரனுக்கு அவமானம் இல்ல."

க்சாவியே மீசையைத் தடவினார்.

"இன்ஸ்பெக்டர், போறதுக்கு முன்னால ஒரு சின்னக் கேள்வி" என்றார் பலராமன். "முசியே க்சாவியே, அந்தத் துப்பாக்கி தப்பித் தவறி வெடிக்காம இருக்க ஒரு தடுப்பு இருக்குமே, அது எங்க இருக்கு?"

"தடுப்பா? அது... பக்கத்துல. ஒரு திருகு."

ஜூல் புருவத்தைச் சுருக்கினார். "திருகா? பிடியிலயே பின்னால இல்ல இருக்கு? பிடிச்சி அழுத்தினாத்தான் சுடும். விட்டுட்டா சுடாது. கையில ஒரு தடவை பிடிச்சிருந்தாக்கூட உள்ளங்கைக்குத் தெரியுமே."

"மறந்துட்டேன்" என்றார் க்சாவியே.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "மறதி எல்லாம் சாட்சி ஆகாது சார். கையெழுத்து இருக்கு."

பலராமன் வாசல் பக்கம் தலையை ஆட்டினார். அஞ்சலாட்சியும் வீராயியும் மூட்டையைத் தூக்கி வந்து போலீஸ் நிலையத்தின் நடுவில் கொட்டினார்கள். பாராசூட் விரிந்தது. மணல் சிதறியது. ஒரு நெத்திலி இன்ஸ்பெக்டரின் பூட்ஸ் அருகே வந்து விழுந்தது.

க்சாவியேவின் தொண்டையிலிருந்து, குழந்தை கீழே விழுந்ததைப் பார்த்த தாயின் சத்தம் போல ஒன்று வந்தது.

"யாரு சுருட்டினது இதை? யாரு?"

"நான்தான்" என்றாள் அஞ்சலாட்சி. "ஏன், துணிதானே?"

க்சாவியே பெஞ்சிலிருந்து இறங்கி முழங்காலிட்டார். கைதி என்பது மறந்துவிட்டது. மெடல்களும் மறந்துவிட்டன. துணியின் நடு உச்சியைத் தேடி எடுத்து அஞ்சலாட்சியின் கையில் திணித்தார். "பிடி. இழு. வெடுக்குனு இழுக்காத, மெதுவா. இன்ஸ்பெக்டர், காலை எடுங்க!"

இன்ஸ்பெக்டர் காலை எடுத்தார்.

க்சாவியேவின் கைகள் பறந்தன. ஒவ்வொரு துண்டாக உதறி, மணலைத் தட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விரல் அகலத்தில் மடித்தன. கயிறுகளைச் சீப்புப் போல விரலிடுக்கில் பிரித்து எண்ணினார். "ஆறு கொறையுது. ஆறு கயிறு வெட்டியிருக்கு." துக்கம் கேட்பதுபோல் இருந்தது குரல். மின்விசிறிக் காற்றில் ஒரு மடிப்பு தூக்கியது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேஜைப் பக்கம் கையை நீட்டினார். "பை! அந்தப் பையைக் குடுங்க!"

இன்ஸ்பெக்டர் அந்தத் தோட்டாப் பையை எடுத்துக் கொடுத்தார். க்சாவியே அதை மடிப்பின் மேல் வைத்தார். மடிப்பு அடங்கியது.

ஜூல் பையையும் க்சாவியேவின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈயக் குண்டு, வாய் தைத்த பை" என்றார் பலராமன் மெல்ல. "சுடறதுக்கு இல்ல இன்ஸ்பெக்டர். மடிக்கும்போது துணி பறக்காம இருக்க. துப்பாக்கி எப்படி மடங்கும்னு இவருக்கு நல்லாத் தெரியும், குதிக்கிறவன் உடம்புல கயித்தோட அது சிக்கக் கூடாதே. சுடத் தெரியாது. அப்படி ஒரு துப்பாக்கி இவரு கையில இருந்ததே இல்ல. மூணு வருசமா இருக்குன்னு சொல்லிட்டாரு. நாலு சிநேகிதங்க பக்கத்துல நிக்கும்போது, புகார்ல அதை எழுதாம விட முடியல."

க்சாவியேவின் கைகள் நின்றன. மீசை தொங்கியது.

"நான் கம்மாந்தோ இல்ல" என்றார் தரையைப் பார்த்து. "ஹனோய் தளத்துல குடை மடிச்சேன். நாலு வருசம். குதிக்கிறவன் எல்லாம் கதை சொன்னா ஊர் கேக்கும். துணி மடிச்சேன்னு சொன்னா சிரிப்பீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜூல் காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். முகம் கறுத்திருந்தது.

"ஹனோயா? அங்கேருந்துதான் நான் எட்டுத் தடவை குதிச்சேன்."

"தெரியும். பட்டியல்ல உன் பேர் வந்தா, மத்தவன்கிட்ட குடுக்காம நானே கேட்டு வாங்கி மடிப்பேன். ஊர்க்காரன்னு."

"ஒரு வார்த்தை சொல்லல?"

"கொட்டகை வாசல்ல வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவ. உள்ள யாரு இருக்கான்னு எட்டிப் பாத்ததில்ல."

ஜூல் குனிந்து மடிப்பின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "அஞ்சாவது தடவை எருமைச் சாணியில விழுந்தேன்" என்றார் கடைசியில். "கழுத்து வரைக்கும்."

"காத்துக்கு நான் பொறுப்பு இல்ல" என்றார் க்சாவியே.

அஞ்சலாட்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மற்ற மூன்று சொல்தாக்களில் ஒருவர் தும்முவதுபோல் ஏதோ செய்தார்.

வீராயி கைகூப்பி முன்னால் வந்தாள். "ஐயா, கட்டுமரம் கடல்ல பிரிஞ்சி போவுதேன்னு கயித்தை வெட்டுனது நாங்கதான். அந்தம்மாவைக் கோச்சிக்காதீங்க. மீதியை வச்சிக்குங்க."

க்சாவியே மனைவியைப் பார்த்தார். ழனெத் படியில் தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். "இப்பவும் மரம் பிரியுதா?" என்று க்சாவியே வீராயியைக் கேட்டார்.

"பிரியல ஐயா. இப்பத்தான் இறுக்கமா நிக்குது."

"அப்ப மீதிக் கயித்தையும் எடுத்துக்க. துணியில மரத்துக்குப் பாய் தைச்சிக்க. ஆனா உன் புருஷனை அனுப்பு, முடிச்சு எப்படிப் போடறதுன்னு காட்டறேன். இது வழுக்கும்."

இன்ஸ்பெக்டர் நாராயணசாமி பழைய காகிதத்தைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். "இல்லாத சாமானைத் திருட்டுக் குடுத்ததுக்கு எந்தச் செக்ஷன்லயும் இடம் இல்ல. குடுத்ததைத் திருட்டுன்னு சொன்னதுக்கு எச்சரிக்கை. நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க."

புதுக் காகிதம் வந்தது. க்சாவியே மடிப்பிலிருந்து கையை எடுக்காததால் இன்ஸ்பெக்டரே எழுதினார். "ஓய்வு பெற்ற சார்ஜன் க்சாவியே ஆகிய நான், ராணுவத்தில் பாராசூட் மடிக்கும் வேலை பார்த்தேன். என்னிடம் துப்பாக்கி எதுவும் எப்போதும் இருந்ததில்லை."

"இதையும் எழுதுங்க" என்றார் ஜூல், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "மடிச்சதுல ஒண்ணுகூட திறக்காம போனதில்ல."

"அது இந்தக் கேசுக்குத் தேவை இல்லையே?"

"எனக்குத் தேவை."

"சாட்சி யாரு?"

ஜூல் கையை நீட்டிப் பேனாவை வாங்கினார். "எட்டுத் தடவை குதிச்சவன் இதோ நிக்கிறேனே" என்று சொல்லி, சாட்சிக் கையெழுத்துப் போடும் இடத்தில் தன் பெயரை எழுதினார்.